டிசம்பர் 25: சூரியனிடமிருந்து எடுத்த நாளா?

ரோமானியர்களின் சூரியக் கடவுள் பிறந்தநாளைத்தான் கிறிஸ்தவச் சபை எடுத்து கிறிஸ்துமஸ் ஆக்கிவிட்டது என்பார்கள். இந்த அரங்கில் பாதிப்பேர் அதைக் கேட்டிருப்பீர்கள்; மீதிப்பேர் சொல்லியே இருப்பீர்கள். சரி, ஆதாரம் எங்கே?

எல்லாரும் கைகாட்டுவது ஒரே தொகுப்பை. கி.பி. 354இல் ரோமில் வாலண்டினஸ் என்ற செல்வந்தருக்காக ஃபிலோகாலஸ் என்ற எழுத்துக் கலைஞர் தயாரித்தது. அதிலுள்ள நாட்காட்டியில் டிசம்பர் 25க்கு நேரே, வெல்லமுடியாதவரின் பிறந்தநாள், 30 தேர்ப் பந்தயங்கள் என்று இருக்கிறது. சூரியன் என்ற பெயர்கூட இல்லை. போகட்டும், சூரியன்தான் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அதே தொகுப்பில் இரத்தசாட்சிகளின், அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்களின், நினைவுநாள் பட்டியலும் உண்டு. அதன் முதல் வரி, டிசம்பர் 25 அன்று யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்கிறது. இந்தப் பட்டியலை 336 வாக்கிலேயே தொகுத்துவிட்டார்கள் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இரண்டு பிறந்தநாளும் ஒரே அட்டைக்குள் இருக்கும்போது, யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று எப்படிச் சொல்வது?

உடனே பேரரசர் ஆரேலியனைக் கொண்டுவருவார்கள். 274இல் அவர் சூரியனுக்குக் கோயில் கட்டியது உண்மை. டிசம்பர் 25இல் திறந்தார் என்பது, பின்னால் வந்த இதே நாட்காட்டியை வைத்துச் செய்யும் ஊகம். சூரியனோடு சேர்த்து வணங்கப்பட்ட மித்ராஸ் என்ற கடவுள் அன்று பிறந்தார் என்பதற்குப் பழைய சான்றே கிடையாது. ரோமானியர்களின் குளிர்காலத் திருவிழாவான சாட்டர்னேலியாவும் டிசம்பர் 17இல் தொடங்கி 23க்குள் முடிந்துவிடும்.

சபை வேண்டுமென்றே நாளை மாற்றியது என்று வெளிப்படையாகச் சொல்லும் குறிப்பு ஒன்று இருக்கிறது. எங்கே? 12ஆம் நூற்றாண்டுச் சிரிய எழுத்தாளர் பார் சலீபியின் பிரதி ஒன்றின் ஓரத்தில், பெயர் தெரியாத ஒருவர் எழுதியது. நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவத்துக்கும் அதற்கும் ஏறக்குறைய 800 ஆண்டு இடைவெளி!

மறுபக்கம், இயேசு மார்ச் 25இல் இறந்தார் என்று 200 வாக்கில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதுகிறார். இயேசு தாயின் வயிற்றில் கருவான நாளும் அதுவே என்பது பின்னால் வந்த ஆயர் அகஸ்டினின் கணக்கு. ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25. கிழக்கத்திய கிறிஸ்தவர்கள் சிலர் அந்த நாளை ஏப்ரல் 6 என்று வைத்தார்கள். அதற்கு ஒன்பது மாதம் கூட்டினால் ஜனவரி 6. ஆர்மீனியர்கள் இன்றும் அன்றுதான் கொண்டாடுகிறார்கள். இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு: அகஸ்டின் அதை எழுதும்போது பண்டிகை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் எனக்கு இதுவே கூடுதல் பொருத்தமாகப் படுகிறது.

அப்படியானால் சூரிய வழிபாட்டோடு கலப்பே இல்லையா? இருந்தது. புனித பேதுரு ஆலயப் படிகளில் ஏறியதும் திரும்பி நின்று சூரியனை வணங்கிவிட்டு உள்ளே வந்தவர்களைப் போப் முதலாம் லியோ கடிந்துகொள்கிறார், அதுவும் ஒரு கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில். ஆனால் அது 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. பண்டிகை வேரூன்றி அதற்குள் நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.