திரை குழம்பினால் ஜன்னலை மூடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கமுங்க.

சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி தங்கைகளுக்கும் இன்று ஒன்று சொல்ல வேண்டும். லினக்ஸ் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் ஜன்னலில், எழுத்தெல்லாம் திடீரென்று கோடும் கட்டமுமாக மாறினால் பதறிப்போய் ஜன்னலை மூடாதீர்கள். பின்னணியில் பேக்கப் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் சேர்ந்து நின்றுபோகலாம். குழம்பியது திரைதான், உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெரும்பாலும் என்ன நடந்திருக்கும்? ஒரு படத்தையோ ஜிப் கோப்பையோ, கோப்பில் இருப்பதை அப்படியே திரையில் கொட்டும் 'கேட்' கட்டளையில் தெரியாமல் திறந்திருப்பீர்கள். டெர்மினல் தனக்கு வரும் பைட்டுகள், அதாவது கோப்பில் இருக்கும் எண்கள், எல்லாவற்றையும் எழுத்தாகக் காட்டிவிடாது. சிலவற்றை உத்தரவாக எடுத்துக்கொள்ளும். 27, 40, 48 என்ற மூன்று பைட்டுகள் அடுத்தடுத்து வந்தால், 'இனி எழுத்துக்குப் பதில் கோடு போடு' என்று அர்த்தம். 1978-இல் வந்த விடி100 என்ற பழைய டெர்மினல் கருவியின் வழக்கம் இது. இன்றைய டெர்மினல்களும் அதையே பின்பற்றுகின்றன. கவனித்துப் பாருங்கள், ஆங்கிலச் சிறிய எழுத்துகள்தான் கோடாகியிருக்கும், பெரிய எழுத்துகள் அப்படியே நிற்கும்.

இன்னொன்றும் நடக்கும். நீங்கள் எதையும் தட்டாமலே கட்டளை வரியில் 'புட்டி புட்டி' என்று எழுத்து வந்து விழும். யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. அந்தக் கோப்பில் இருந்த 5-ஆம் எண் பைட், 'நீ யார்?' என்று கேட்கும் கேள்வி. நம் கணினியிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் புட்டி மென்பொருள் ஒழுங்காகத் தன் பெயரைச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்வது? முதலில் கன்ட்ரோலோடு யு அழுத்தி, வரியில் விழுந்த குப்பையைத் துடையுங்கள். அப்புறம் ஆர், இ, எஸ், இ, டி என்று 'ரீசெட்' தட்டி என்டர் கொடுங்கள். தட்டுவது திரையில் தெரியாது, அல்லது கோடாகத் தெரியும். அதைப் பார்க்காமல் விரலை நம்பித் தட்டுங்கள். ஒரு நொடியில் திரை தெளிந்துவிடும்.

முழுத்திரையில் ஓடும் ஒரு நிரல் பாதியில் செத்தால் கோளாறு வேறு மாதிரி இருக்கும். தட்டுவது தெரியாது, வரிகள் படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் இறங்கும், என்டரும் வேலை செய்யாது. என்டர் விசை அனுப்பும் குறியை வரி முடிவாக மாற்றித்தரும் ஏற்பாடு அணைந்துபோயிருக்கும். அதனால் என்டருக்குப் பதில் கன்ட்ரோலோடு ஜே. முதலில் அதை ஒருமுறை அழுத்துங்கள், பிறகு டெர்மினலைச் சரியான நிலைக்குக் கொண்டுவரும் கட்டளையாக எஸ், டி, டி, ஒய், ஓர் இடைவெளி, எஸ், ஏ, என், இ என்று தட்டி, மறுபடி கன்ட்ரோல் ஜே. பலருக்குத் தெரியாமல் போவது இந்த ஜே-தான்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகளின் பெயர் தெரியாமல், தலையில் கோடு போட்ட 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' என்று திரும்பத் திரும்ப வந்தால், ரீசெட் உதவாது. எழுத்துகளைப் பைட்டாக மாற்றிவைக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். அதை டெர்மினல் மூன்று தனி எழுத்தாகப் படிக்கிறது. புட்டியில் 'விண்டோ', அதற்குள் 'டிரான்ஸ்லேஷன்' போய் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். சர்வரில், மொழி அமைப்பைக் காட்டும் 'லொகேல்' கட்டளையைத் தட்டினால் அங்கேயும் யுடிஎஃப்-8 என்றுதான் வர வேண்டும்.

நன்றி, வணக்கமுங்க.