தவில் ஓய்ந்த இடைவெளியில்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஐம்பதைத் தாண்டிய பழைய நண்பர்கள் கல்யாண மண்டபத்தில் சந்தித்தால் பேச்சு எந்த வழியில் போகும் என்று உங்களுக்குத் தெரியும். சர்க்கரை எவ்வளவு, மாடிப்படி ஏற முடிகிறதா, பிள்ளை எந்த நாட்டில், பெண்ணுக்கு வரன் அமைந்ததா. பிறகு பள்ளிக்கூடத்துக் கதை இரண்டு. போன கல்யாணத்தில் சொன்ன அதே இரண்டு. பந்திக்குக் கூப்பிட்டதும் எழுந்து போய்விடுகிறோம். எனக்கு இதில் நெடுநாள் மனக்குறை உண்டு. பழைய நண்பர்களை உட்கார வைத்துப் பேசச் சொன்னால் பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் தீராது. இதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். எங்களுக்கு அந்த வேலை வாய்த்த கதையிலேயே பாதி நேரம் போய்விடும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் மூன்று பேர், திருவிடைமருதூர்ப் பக்கம். ஒருவன் தவில்காரர் வீட்டுப் பிள்ளை, இன்று அவனே தவில் வித்வான். இன்னொருவன் வங்கியில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவன். நான் கும்பகோணத்தில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தவன். இளைய நேயர்களுக்காக ஒரு வார்த்தை: வேண்டிய பாட்டுகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள், இசைத்தட்டிலிருந்து எடுத்துக் கேசட்டில் பதிந்து கொடுப்போம். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். கடைசிப் பாட்டு பல்லவியோடு அறுந்துபோனால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டை வைத்தால் நாடா சரியாக முடியும் என்ற கணக்கில்தான் என் இளமை கழிந்தது.

கடை வைப்பதற்கு முன்பே, பள்ளிக்கூட நாட்களில், வங்கிக்காரனின் மாமா துபாயிலிருந்து ஒரு டூ-இன்-ஒன், அதாவது ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி, கொண்டுவந்தார். மகாலிங்கசுவாமி கோயில் தைப்பூசத் திருவிழாவுக்கு அதைக் கடன் வாங்கிக்கொண்டு, சுவாமி புறப்பாட்டோடு நடந்தே நாகஸ்வரம் பதிந்தோம். தவில்காரப் பையன் அப்பாவுக்குப் பக்கத்தில் தாளம் போட்டுக்கொண்டு வந்தான். நான் பெட்டியைத் தோளில் சுமந்தேன். வங்கிக்காரன் பேட்டரிக்குக் காவல்.

அந்தக் கேசட் பிறகு என்னிடமே கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒலி மங்கி, கம்பளிக்குள்ளிருந்து வருவதாகக் கேட்டது. பழைய கேசட் மங்கலாகக் கேட்டால் நாடா செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நேயர்களே. பல சமயம் கோளாறு நாடாவில் இருக்காது. நாடாவைத் தொட்டு ஒலியைப் பதியவும் படிக்கவும் செய்யும் பாகத்துக்கு ஹெட் என்று பெயர். பதிந்த பெட்டியின் ஹெட் ஒரு சாய்வில் இருந்திருக்கும், இப்போது ஓடவிடும் பெட்டியின் ஹெட் வேறு சாய்வில் இருக்கும். ஹெட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் திருகாணி உண்டு. நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே நுண்ணிய ஸ்குரூ டிரைவரால் அதை மயிரிழை திருப்பினேன். முதலில் ஜால்ரா துலங்கியது. இன்னும் கொஞ்சம். நாகஸ்வரத்தின் வாயில் செருகி ஊதும் சீவாளியில் உதடு பதியும் கரகரப்பு வந்தது. கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரி! சாகித்தியம் கிடையாது, சொல் கிடையாது. சுவாமி புறப்படுகிறார் என்று ஊருக்கு அறிவிப்பதற்கென்றே உள்ள இசை. இரண்டு பேருக்கும் அப்போதே போன் செய்தேன்.

இங்கேதான் விஷயம் ஆரம்பிக்கிறது. அந்தக் காலத்து டேப் ரெக்கார்டர்களில் ஒலியளவைத் தானே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு ஒன்று இருந்தது. மதகுக்காரன் தண்ணீரைப் பார்த்துப் பலகையை ஏற்றி இறக்குவது போல, பெருஞ்சத்தம் வந்தால் சட்டென்று அடைக்கும், சத்தம் ஓய்ந்தால் மெதுவாகத் திறக்கும். தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் அடி விழுந்தால் நாகஸ்வரமே உள்ளே போய்விடும். தவில் ஓய்ந்தால் பெட்டி காதைத் தீட்டிக்கொண்டு அக்கம்பக்கத்துச் சத்தத்தையெல்லாம் உள்ளே இழுக்கும். தை மாதப் பனியில் ஊரே இருமுகிறது. தீவட்டிக்கு யாரோ எண்ணெய் கேட்கிறார்கள். அப்படி ஓர் இடைவெளியில், பெட்டிக்கு மிக அருகில், ஒரு பையன் கிசுகிசுக்கிறான்: “டேய், இப்போது சமம் எங்கே விழுந்தது?” சமம் என்றால் தாளச் சுற்று தொடங்கும் இடம்.

யார் அந்தப் பையன்?

சிரிக்காதீர்கள், மூன்று நரைத்த தலைகள் மாதக்கணக்கில் இதைத்தான் பேசின. ஆடுதுறையிலிருந்து ரயிலில் பள்ளிக்கூடம் வந்த ஒருவன் என்றான் வங்கிக்காரன், அடித்துச் சொன்னான். தவில்காரன் தன் சித்தப்பா மகன் என்றான். குவைத்தில் இருக்கும் வகுப்புத் தோழனுக்கு நள்ளிரவில் ஒலிக்கோப்பு போனது. அவனுக்கும் தெரியவில்லை, ஆனால் அவன் எங்களோடு பேசி ரொம்பக் காலம் ஆகியிருந்தது, அன்று வெகுநேரம் பேசினான். சர்க்கரையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நடுவில் வங்கிக்காரனின் மருமகன், பெங்களூரில் கணினி வேலை, “மாமா, நான் சுத்தம் செய்து தருகிறேன்” என்று வாங்கிப் போனார். நல்ல பிள்ளை. இரைச்சலை நீக்கும் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்றால், இசை இல்லாத ஒரு துண்டைக் காட்டி ‘இதுதான் இரைச்சல்’ என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். பதிவு முழுவதிலும் அந்தச் சாயல் உள்ளதையெல்லாம் அது கழித்துவிடும். கொஞ்சமாகக் கழித்தால் நன்மை. நிறையக் கழித்தால் நாகஸ்வரம் தண்ணீருக்குள்ளிருந்து ஊதுவதாக ஆகிவிடும். திரும்பி வந்த பதிவில் இருமல் இல்லை, தீவட்டி எண்ணெய் இல்லை, பனி இல்லை. தைப்பூசமே இல்லை! யாரோ எங்கோ ஓர் அறையில் மல்லாரி வாசிக்கிறார்கள்.

முடிச்சை அவிழ்த்தவர் மயிலாடுதுறையில் இருக்கும் வங்கிக்காரனின் அக்கா. சுத்தம் செய்ததைப் போட்டுக் காட்டினோம், உதட்டைப் பிதுக்கினார். மூலப் பதிவைப் போட்டோம். அந்தப் பையன் பேசுவதற்கு முன் மூக்கை ஓர் உறிஞ்சு உறிஞ்சுகிறான். மருமகனின் மென்பொருள் அதைத்தான் துடைத்துப் போட்டிருந்தது. அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தார். “இது நீதானடா. இன்றைக்கும் சந்தேகம் கேட்டால் முதலில் மூக்கைத்தானே உறிஞ்சுகிறாய்?”

தன் குரலைத் தானே ஆடுதுறைக்காரன் தலையில் கட்டியிருக்கிறான்! இதில் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நம் குரல் நமக்குக் காற்று வழியாக மட்டும் வருவதில்லை, மண்டையெலும்பு வழியாகவும் வருகிறது. ஒலிப்பதிவில் அந்த எலும்பு வழி கிடையாது. முதன்முதலில் தன் குரலைப் பதிவில் கேட்டவர்கள் எல்லோரும் ‘இது நானா’ என்று முகம் சுளிப்பது அதனால்தான். போதாததற்கு இவன் கிசுகிசுத்திருக்கிறான். கிசுகிசுக்கும்போது குரல்நாண்கள் அதிர்வதில்லை, வெறும் மூச்சுதான் பேசுகிறது. ஆளைக் காட்டும் சாயலில் பெரும்பகுதி அங்கேயே போய்விடுகிறது. மிச்சமிருந்தது மூக்கு.

ஆகவே, சொன்னதையே சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி: சுத்தம் செய்ய வேண்டுமானால் ஒரு நகலில் செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். உங்கள் பாட்டி பாடிய தாலாட்டில் பின்னால் கேட்கும் கிணற்றுச் சகடை இரைச்சல்தானா என்பதை முடிவு செய்ய மென்பொருளுக்கு என்ன தெரியும்? உங்களுக்கே இன்னும் பத்து வருடம் கழித்துத்தான் தெரியும்.

அன்றிலிருந்து மூன்று பேரும் சேர்ந்து, ஒலியாலேயே ஒரு காட்சியைக் காட்டும் ஒலிச்சித்திரம் செய்கிறோம். முதலாவது, ஒரு புறப்பாடு. அறிவிப்பாளர் குரல் இல்லாமல். நீங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள், கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பாருங்கள். பிராகாரத்தில் வாசிக்கும்போது கற்சுவர்கள் ஒவ்வொரு ஸ்வரத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் விடுகின்றன. கோபுர வாசலுக்குள் நுழைந்ததும் ஒலி நெருங்குகிறது, தவில் மார்பில் அடிக்கிறது. வீதிக்கு வந்த அந்தக் கணமே எதிரொலி அறுந்து, நாகஸ்வரம் மெலிந்து, வானம் திறந்துவிடுகிறது. சுவாமி எங்கே நிற்கிறார் என்று காது சொல்லிவிடும். இதற்கு எதற்கு விளக்கவுரை?

வேலையும் லேசானதாக இல்லை. கோபுர வாசல் ஒலி கிடைக்கத் தவில்காரனோடு அலைந்தோம். வாத்தியத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள நரசிங்கம்பேட்டைக்குப் போனோம். நாகஸ்வரம் கடையும் ஊர், 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. பழைய வீடுகளில் உத்திரமாக இருந்து முதிர்ந்த ஆச்சா மரத்தைத்தான் விரும்பி எடுக்கிறார்கள். அடுத்த ஊரான திருவாவடுதுறையில், நாகஸ்வர மேதை இராஜரத்தினம் பிள்ளை வாழ்ந்த மண்ணில், நாணலில் சீவாளி செய்கிறார்கள். பாரி நாயனம் என்னும் நீண்ட நாகஸ்வரத்தின் கனத்த குரலுக்கு அவர் பெயரைச் சொல்லாமல் இந்தப் பக்கம் யாரும் பேச்சை முடிப்பதில்லை. எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது என்று எங்களுக்குள் சண்டை உண்டு. தவில்காரனுக்குத் தாளம் உடையக் கூடாது. எனக்குப் பிராகாரத்து எதிரொலி முழுதாகத் தேய்ந்து முடிய வேண்டும். வங்கிக்காரனுக்குக் கணக்கு, பதினைந்து நிமிடத்துக்கு மேல் கேட்க ஆளில்லை என்பான். கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருந்ததும் உண்டு. பள்ளிக்கூட நாட்களில்கூட இவ்வளவு சண்டை போட்டதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிலையத்தார் விரலைக் காட்டுகிறார். கேசட்டுகளைக் காப்பாற்றுவது பற்றி விரிவாகக் குறித்து வந்திருந்தேன், ஓட்டமாகச் சொல்கிறேன். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் உடனே ஓடவிடாதீர்கள், ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். ஹெட்டோடு நாடாவை அழுத்தும் குட்டிப் பஞ்சு உதிர்ந்திருந்தால், திருகாணி போட்ட வேறொரு கேசட் கூட்டுக்குள் நாடாவை மாற்றிவிடலாம். மேல் விளிம்பில் உள்ள பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிட்டால் தவறி மேற்பதிவு ஆகாது. கணினிக்கு மாற்றினால் இரண்டு வீடுகளில் பிரதி வையுங்கள். செல்பேசியில் பதிகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல நினைத்தது நிறைய, ஒன்று மட்டும்: பதிவு ஆரம்பித்ததும் தேதி, ஊர், கூட இருப்பவர்கள் யார் யார் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், கிசுகிசுக்க வேண்டாம். நன்றி, வணக்கம்.