பெட்டியில் இல்லாத கல்: கோர் டிரில்லிங்கில் நிலத்தடி நீரைத் தேடுவது எப்படி

[காட்சி: நீளமான தட்டுப் பெட்டி. உள்ளே வரிசையாக உருளைக் கற்கள். ஓர் இடத்தில் மட்டும் கல் இல்லை.]

இந்தப் பெட்டியில் உங்கள் கண் முதலில் எங்கே போகிறது? வழவழவென்று நீளமாகக் கிடக்கும் அந்தக் கருங்கல் துண்டின் மேல்தானே? போட்டோ எடுப்பவர்களும் அதைத்தான் எடுப்பார்கள். தண்ணீர் தேடி வந்தவர் மட்டும் கல்லே இல்லாத அந்தக் காலி இடத்தில் விரலை வைப்பார்.

வழக்கமான போர்வெல் போடும்போது பாறை இடிபட்டுத் தூளாகத்தான் மேலே வரும். தூளைப் பார்த்து என்ன பாறை என்று ஓரளவு சொல்லலாம். விரிசல் எந்த ஆழத்தில், எந்தச் சாய்வில் இருக்கிறது என்று கேட்டால் தூளிடம் பதில் இல்லை.

கோர் டிரில்லிங்கில் பிட், அதாவது துளைக்கும் முனை, ஒரு வளையம். அதன் முகப்பில் வைரத் துகள்கள் பதிந்திருக்கும். வளையம் சுற்றி அறுத்துக்கொண்டே இறங்க, நடுவில் அறுபடாத பாறை உருளையாக நிற்கும். அதுதான் கோர். இந்த உருளை துளைத்தண்டுக்குள் இருக்கும் இன்னொரு குழாய்க்குள் ஏறும். அந்த உட்குழாய் தண்டோடு சேர்ந்து சுற்றாது. சுற்றினால் கல் நொறுங்கிவிடும். குழாய் நிறைந்ததும் கம்பியில் ஒரு கொக்கியை இறக்கி, உட்குழாயை மட்டும் மேலே இழுப்பார்கள். எச்.க்யூ என்ற அளவில் துளை 96 மில்லிமீட்டர், கிடைக்கும் கல் 63.5 மில்லிமீட்டர்.

[காட்சி: பெட்டியில் ஆழம் எழுதிய மரக்கட்டைகள். 41, 44.]

சரி, ஒரு கணக்கு போடுவோம். 41 மீட்டரிலிருந்து 44 மீட்டர் வரை துளைத்திருக்கிறார்கள். 3 மீட்டர் கல் வர வேண்டும். வந்தது 2.2 மீட்டர். மீதி 80 சென்டிமீட்டர் எங்கே போயிற்று? உதிர்ந்து கிடந்த பாறையாக இருந்தால், துளைக்க விட்ட தண்ணீரே அதை அரித்துக்கொண்டு போயிருக்கும். அங்கே வெறும் இடைவெளியே இருந்திருக்கவும் கூடும். பெரும்பாலும் தண்ணீர் புகுந்து நடமாட வழியுள்ள இடமாக அது இருக்கும். நாம் தேடி வந்த அடுக்கே பெட்டிக்கு வராமல் போவது இந்த வேலையில் சகஜம்.

கிடைத்த கல்லுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. 10 சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகளின் நீளத்தை மட்டும் கூட்டி, துளைத்த நீளத்தால் வகுத்தால் ஆர்.க்யூ.டி, அதாவது பாறையின் தரத்தைச் சொல்லும் சதவீதம். நம் 3 மீட்டரில் அப்படிப்பட்ட துண்டுகள் 1.2 மீட்டர் என்றால் 40 சதவீதம். 1960களில் அமெரிக்கரான டான் டீர் கொண்டுவந்த அளவு இது. சுரங்கமும் அஸ்திவாரமும் போடுகிறவர்களுக்கு 95 வந்தால் நிம்மதி. தண்ணீர் தேடுகிறவருக்கு அதே 95 ஏமாற்றம். ஒரே தாளை இருவரும் தலைகீழாகப் படிப்பார்கள்.

அதற்காக, உடைந்த கல்லெல்லாம் தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். துண்டைக் கையில் எடுத்து உடைந்த முகத்தைப் பாருங்கள்.

[காட்சி: இரண்டு துண்டுகள், மிக அருகில்.]

இடப்பக்கத் துண்டின் முகம் பளிச்சென்று, சொரசொரப்பாக இருக்கிறது. அடுத்த துண்டோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. இது துளைக்கும்போதோ, குழாயிலிருந்து தட்டி எடுக்கும்போதோ உடைந்தது, கணக்கில் சேராது. வலப்பக்கத்தில் துருப்பிடித்த மாதிரி பழுப்புக் கறை. பாறையிலுள்ள இரும்பு, ஆக்சிஜன் கலந்த நீர் பட்டுப் பட்டு இப்படி ஆகியிருக்கிறது. தண்ணீர் இந்த வழியாகப் போயிருக்கிறது என்பதற்குக் கல்லே தரும் சாட்சி. இன்னொரு விரிசலில் வெள்ளைப் படிவம் இருக்கும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டதும் நுரைத்தால் அது கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். தண்ணீர் ஒரு காலத்தில் போன பாதைதான், ஆனால் நிரம்பி அடைத்திருந்தால் இப்போது பயனில்லை. களிமண் அடைத்த விரிசலும் அப்படியே. களிமண் நிறையத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கிணற்றுக்கு விடாது.

பெட்டியோடு டிரில்லரின் நோட்டையும் கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால் பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது. தண்டு வழியாக உள்ளே போகும் தண்ணீர், துளையின் ஓரமாக மேலே திரும்பி வர வேண்டும். ‘42 மீட்டரில் தண்ணீர் திரும்பவில்லை’ என்று எழுதியிருந்தால், ஏதோ ஒரு விரிசல் அதைக் குடித்துவிட்டது. வறண்ட விரிசலும் இப்படிக் குடிக்கும். அதனால் தினமும் காலையில் ரிக்கை, அதாவது துளைக்கும் இயந்திரத்தை, ஓட்டுவதற்கு முன் துளைக்குள் நீர்மட்டத்தை அளந்து எழுதி வைக்க வேண்டும். இரவு முழுக்கச் சும்மா கிடந்த துளையில் மட்டம் ஏறியதா, இறங்கியதா என்பது நல்ல துப்பு.

அப்புறம் பேக்கர் சோதனை. ரப்பர் பைகளைத் துளைக்குள் இறக்கி ஊதி, ஒரு பகுதியை மட்டும் மேலும் கீழும் அடைத்து, அதற்குள் அழுத்தத்தோடு தண்ணீரைச் செலுத்துவார்கள். 10 பார் அழுத்தத்தில், ஒரு மீட்டர் நீளத்துக்கு நிமிடத்துக்கு 1 லிட்டர் உள்ளே போனால், அது 1 லூஜான். சுவிஸ் புவியியலாளர் மொரிஸ் லூஜான் 1933இல் வகுத்தது. அணைக்கு அடியில் நீர் கசியக் கூடாதே என்ற கவலையில் பிறந்த சோதனை. நாம் கசிய வேண்டும் என்று ஆசைப்பட்டு அதையே செய்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. துளை சரியாமலிருக்க பெண்டோனைட் என்ற களிமண்ணைக் கரைத்த சேறு ஊற்றுவது உண்டு. அது நல்ல விரிசலையும் பூசி மூடிவிடும். நீர் ஆய்வுக்கென்றால் முடிந்தவரை சுத்தமான தண்ணீரில் துளைப்பதே மேல்.

[காட்சி: குறுக்குவெட்டுப் படம். செங்குத்துத் துளை, அருகே செங்குத்து விரிசல்.]

இந்தப் படத்தில் துளையும் நேராக இறங்குகிறது, விரிசலும் நேராக இறங்குகிறது. நடுவில் ஒரே மீட்டர் இடைவெளி. எத்தனை மீட்டர் துளைத்தாலும் இரண்டும் சந்திக்காது. செங்குத்து விரிசல்கள் உள்ள இடத்தில் ரிக்கைச் சாய்த்து வைத்துத் துளைப்பது இதனால்தான்.

மணிக்கு எத்தனை லிட்டர் கிடைக்கும் என்று மட்டும் கோரிடம் கேட்காதீர்கள். அதற்குப் பம்ப் சோதனை வேண்டும். பெரும்பாலும் பக்கத்தில் அகலமான கிணறு ஒன்றைப் போட்டு, அதில் மோட்டாரை ஓட்டுவார்கள். பழைய கோர் துளையில் துவாரமிட்ட குழாய் ஒன்றை இறக்கி, அங்கே நீர்மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளந்துகொண்டே இருப்பார்கள்.