ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'சாஸ்திரிய இசை வானொலியில் நேயர் பங்கேற்பு இசைக்கு வளமா, இடைஞ்சலா?' என்பது தலைப்பு. இடைஞ்சலே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் 'நேயர் இல்லாமல் நிலையம் ஏது?' என்று கேட்டுக் கைத்தட்டலை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விட்டார். அவருக்கென்ன, எதிரில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் அத்தனை பேரும் நேயர்கள். நேயரைப் புகழ்ந்தால் நேயர் தட்டாமல் வேறு யார் தட்டுவார்கள்? நான் கொஞ்சம் கஷ்டமான பக்கத்தில் நிற்கிறேன் நடுவர் அவர்களே. மணியடிக்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேயர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இசை ஓடுகிற நேரத்தில் போனும் குறுஞ்செய்தியும் ஓட்டெடுப்பும் குறுக்கே வருவதைத்தான் சொல்கிறேன். இதை எல்லாரும் கேட்டிருப்பீர்கள்:

"வணக்கம், யார் பேசறீங்க?"

"ஹலோ... ஹலோ..."

"சொல்லுங்க, லைன்லதான் இருக்கீங்க."

அதற்குள் ஒரு 'கீ...' சத்தம். அறிவிப்பாளர் உடனே, "உங்க ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க!"

அது ஏன் என்று யோசித்தீர்களா? போன் செய்த நேயர் பேசுவது நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ஒலிபரப்பாகி, அவர் வீட்டு ரேடியோ வழியாக வெளியே வந்து, மறுபடி அவர் கையிலிருக்கும் போனுக்குள்ளேயே நுழைகிறது. சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடுகிறது. இணையத்தில் கேட்பவராக இருந்தால் ஊளை இல்லை, ஆனால் தான் பேசியதே பல விநாடி தள்ளித் தன் காதில் விழுந்து, அடுத்த வார்த்தை வராமல் திணறிப் போவார். எப்படியானாலும் வைத்தியம் ஒன்றுதான்: ரேடியோவைக் குறை, இல்லையென்றால் அணை. நடுவர் அவர்களே, பங்கேற்பு என்கிறார்களே, அந்தப் பங்கேற்புக்கு முதல் நிபந்தனையே கேட்பதை நிறுத்து என்பதுதான்! என் கட்சி இதிலேயே பாதி ஜெயித்துவிட்டது.

மீதிப் பாதிக்கு வருகிறேன். "என்ன பாட்டு வேணும்?" என்று கேட்டால், "நல்லதா எதாவது போடுங்க" என்பார். "யாருக்காக?" என்றால் மட்டும் சித்தப்பா பேரன் வரைக்கும் தடையில்லாமல் வரும். அப்புறம் பாட்டு தொடங்கும். பல்லவி, அனுபல்லவி, சரணத்தில் கால் வைத்ததும் குரல் மெல்லத் தேய்ந்து மறையும். ஏனென்றால் அடுத்த நேயர் காத்திருக்கிறார். பாடியவர் மூன்று சுற்று ஸ்வரம் பாடி, முத்தாய்ப்பான கோர்வையைக் கொண்டுவந்து, பாட்டு வரி தொடங்குகிற எடுப்பில் சரியாக இறக்கப் போகிறார். அந்த இறக்கத்துக்காகத்தான் அத்தனை நேரம் கட்டியிருக்கிறார். அதற்கு இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று, முன்னால் பாட்டைக் குறைத்து, "அடுத்த அழைப்பு!" கையில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் கையை எங்கே வைத்துக்கொள்வான்?

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். கிராமபோன் காலத்தில் பெரிய வித்வான்களின் இசை எந்த அளவில் கிடைத்தது? 78 சுற்று இசைத்தட்டில், ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று, மூன்றரை நிமிஷம். அதற்குள் ராகத்தைத் தொட்டுக் காட்டிக் கீர்த்தனையையும் பாடி முடித்தாக வேண்டும். மணிக்கணக்கில் பாடுகிறவர்கள் தங்களை அந்தத் தட்டுக்குள் மடக்கி வைத்துக்கொண்டார்கள். அந்தப் பூட்டைத் திறந்தது வானொலி. 1938-இல் சென்னையில், 1939-இல் திருச்சியில் நிலையங்கள் வந்தன. கச்சேரிக்குப் போக முடியாதவர் வீட்டிலும், பாட்டு வரி இல்லாமல் ராகத்தை மட்டும் விரிக்கிற ஆலாபனை நிதானமாக விரிந்தது. 1952-இல் இசைக்கான தேசிய நிகழ்ச்சி தொடங்கியது. ஒரே கலைஞர், இரவில் ஒன்றரை மணி நேரம். கச்சேரியின் நீண்ட உருப்படியான ராகம், தானம், பல்லவியை அவசரப்படாமல் பாடலாம். தட்டில் ஏற முடியாததெல்லாம் காற்றில் ஏறியது. இப்போது என்ன செய்கிறோம்? ஒரு மணி நேரத்தில் எட்டு அழைப்பு எடுத்தாக வேண்டும் என்று வைத்து, திறந்த பூட்டை நாமே மறுபடி போடுகிறோம். பேச்சு போக ஒரு பாட்டுக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அழைப்புக்கு ஏழரை நிமிஷம், அதில் பாதி பேச்சில் போனால் கிட்டத்தட்ட அதே இசைத்தட்டு அளவுதான்!

இதில் முதலில் பலியாவது, மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம். போன் போட்டு, "மிஸ்ர சாபு தாளத்தில் ஒரு தனி போடுங்க" என்று கேட்ட நேயரை நான் இதுவரை கேட்டதில்லை. மிருதங்கக்காரர்கள் யாராவது அவையில் இருந்தால் தலையாட்டுவார்கள்.

ராகத்துக்கும் அதே கதிதான். நமக்கு 72 மேளகர்த்தா, அதாவது தாய் ராகங்கள், இருக்கிறது. அதில் 40 விவாதி மேளங்கள். கேட்டுப் பழகாத காதுக்கு முதல் தடவை கொஞ்சம் நெருடும். யாராவது நம்மை உட்கார வைத்துக் கேட்க வைத்தால்தான் பிடிபடும். விருப்பம் கேட்டால் கல்யாணி வரும், மோகனம் வரும், ஹம்ஸத்வனி வரும். எனக்கும் அதெல்லாம் உயிர்தான். ஆனால் தெரிந்ததைத்தானே கேட்க முடியும்? தெரியாததை எப்படி விரும்பிக் கேட்பது?

'ஓட்டெடுப்பு வைத்தால் மக்கள் ரசனை தெரியும்' என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். வைத்துப் பார்த்த நிலையம் இருக்கிறது. பிரிட்டனில் மேற்கத்திய சாஸ்திரிய இசை ஒலிபரப்பும் கிளாசிக் எஃப்.எம். 1996-இலிருந்து ஆண்டுதோறும் நேயர்களிடம் வாக்கு வாங்கி 300 படைப்புகளை வரிசைப்படுத்துகிறது. முதல் ஐந்து ஆண்டும் புரூக்கின் முதல் வயலின் கான்செர்ட்டோவுக்கே முதலிடம். சரி, ஆறாம் ஆண்டு மாறியது. ராக்மானினோவின் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோ வந்தது. வந்தது, 2005 வரை அசையவில்லை. பத்து வருஷம், இரண்டே பெயர்! அருமையான படைப்புகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஜெயித்தது அடிக்கடி ஒலிபரப்பாகிறது, அடிக்கடி ஒலிபரப்பாவது மறுபடி ஜெயிக்கிறது. இது ரசனையின் கணக்கா, பழக்கத்தின் கணக்கா? நடுவர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது எதிரணியின் பலமான அம்புக்கு வருகிறேன். 'நிலையத்தாரின் ரசனையை நம்பச் சொல்கிறீர்களே, 1940-இலிருந்து 1971 வரை ஹார்மோனியத்தையே அகில இந்திய வானொலியில் நுழைய விடாதவர்கள் அவர்கள்தானே? 1952-இல் கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானபோது திரைப்பாட்டை ஒதுக்கியவர்களும் அவர்கள்தானே?' என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்த ஹார்மோனியத் தடையை நான் ஆதரிக்கப் போவதில்லை. எந்தப் பாட்டுப் போட்டாலும் தலையெழுத்தே என்று கேட்க வேண்டும் என்பதும் என் வாதமில்லை.

ஆனால் கேஸ்கர் கதையை எதிரணி பாதியில் நிறுத்திவிட்டது. திரைப்பாட்டு இல்லை என்றதும் நேயர்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளைத் திருப்பி, திரைப்பாட்டுப் போட்ட இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957-இல் திரைப்பாட்டும் போடுகிற விவித் பாரதி ஒலிபரப்பைத் தொடங்கும் நிலைமைக்கு அரசாங்கத்தைக் கொண்டுவந்தது அந்த முள். இதைவிடப் பெரிய நேயர் பங்கேற்பு உண்டா? அதில் யாரும் யார் பாட்டையும் நடுவில் வெட்டவில்லை. அது போக, நேயர் விருப்பம் என்ற ஏற்பாடு மூன்று, நான்கு நிமிஷத் திரைப்பாட்டுக்குக் கச்சிதம். பாட்டு முழுதாக வரும், பெயரும் வரும், எல்லாருக்கும் சந்தோஷம். அதே ஏற்பாட்டை நிதானமாக விரிய வேண்டிய தோடி ராகத்துக்குப் போட்டால் தோடி தாங்காது.

'தனியாக இருக்கும் ஒரு பெரியவர், தன் குரல் காற்றில் வருவதைக் கேட்டு அன்று முழுக்க மலர்ந்திருப்பார், அதைப் பறிக்கலாமா?' என்று மூன்றாவது பேச்சாளர் உருக்கமாகக் கேட்டார். பறிக்க வேண்டாம் அம்மா. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு அரைமணி தனியாகக் கொடுங்கள். கடிதம் படியுங்கள், போன் எடுங்கள், 'போன வாரம் அந்தப் பைரவியில் இரண்டாவது சங்கதி நன்றாக இல்லை' என்று அவர் சண்டை போடட்டும். நானும் போன் செய்வேன். ஆனால் அவரைப் போலவே தனியாக இருக்கும் இன்னொரு பெரியவர், போன் செய்யாமல் கண்ணை மூடிப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறாரே, அவருக்கு யார் வக்காலத்து? பேசுகிற நேயர் எட்டுப் பேர். பேசாமல் கேட்கிறவர்கள் ஊர்பட்ட பேர். எதிரணி 'நேயர்' என்று சொல்லும்போதெல்லாம் அந்த எட்டுப் பேரை மட்டுமே எண்ணுகிறது.

பங்கேற்பே கூடாது என்கிறேனா? வானொலியிலேயே இசைப் பயிற்சி என்று ஒன்று உண்டு. வித்வான் ஒரு வரி பாடுவார், ஸ்டூடியோவில் இருக்கும் மாணவர்கள் திருப்பிப் பாடுவார்கள், வீட்டில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவரும் கூடவே பாடுவார். சாகித்யத்தை, அதாவது பாட்டின் வரிகளை, எழுதிக்கொள்ள நேரம் கொடுப்பார்கள். அதே வரி, அதே சங்கதி, பிடிபடும் வரைக்கும். ஒருவர் பெயரும் காற்றில் வராது, யாருக்கும் வாழ்த்துக் கிடையாது. முடியும்போது ஊர் ஊராக எத்தனையோ வீடுகளில் ஒரே கீர்த்தனையின் பல்லவி பாடமாகியிருக்கும். அதற்கு யாரும் ரேடியோவைக் குறைக்க வேண்டியதில்லை. கூட்டித்தான் வைப்பார்கள்.

முதல் மணி அடித்துவிட்டீர்கள், தெரிகிறது. அடுத்து வரப்போகும் எதிரணிப் பேச்சாளருக்கு ஒரே ஒரு கேள்வி வைத்துவிட்டு உட்காருகிறேன். இருபது நிமிஷத் தோடி ஆலாபனை ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்வரத்தில் நிறுத்திப் போனை எடுப்பீர்கள்? அந்த இடத்தை இங்கே பாடிக் காட்டிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.