பட்டையைச் சட்டைமேல் கட்டாதீர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

உடல்நலத்துக்கு முதல் பொறுப்பு தனிமனிதருக்கா, அல்லது அரசுக்கும் மருத்துவத்துக்குமா? இதுதான் தலைப்பு. தனிமனிதருக்கே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று அம்பு விட்டார். மரபு என்றார், கம்பெனி என்றார், பின்லாந்து என்றார். மூன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு.

ஆண்டுக்கு 8,760 மணி நேரம். மாதம் தவறாமல் டாக்டரைப் பார்த்து, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் அவர் எதிரில் உட்கார்ந்தாலும் (அப்படி ஒரு டாக்டர் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்) மொத்தம் 6 மணி நேரம்தான். மீதி 8,754 மணி நேரம் இந்த உடம்பு யார் வசம் இருக்கிறது?

"பொறுப்பு என்று சொல்லி நோயாளியைக் குற்றவாளி ஆக்குகிறீர்களே" என்று எதிரணியில் ஒரு அம்மா மனம் நொந்து கேட்டார். அம்மா, மழை பெய்தது யார் குற்றமும் இல்லை. கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்ப்பது வீட்டுக்காரர் வேலை. அந்தப் பார்வையைத்தான் கேட்கிறோம்.

ரத்த அழுத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏறியிருந்தாலும் பெரும்பாலும் வலிக்காது, ஒன்றும் தெரியாது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெரியாத நோய்க்கு எந்த அரசு மாத்திரை கொடுக்கும்? அளந்தால்தான் உண்டு. அளக்கிறோம் என்று சொல்பவர்களும் எப்படி அளக்கிறார்கள்? மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு உட்கார்ந்து, சட்டைக் கையின் மேலேயே அளவுக் கருவியின் பட்டையைச் சுற்றி, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே பொத்தானை அமுக்குகிறார்கள். வருகிற எண்ணைப் பார்த்துப் பயந்தால், அந்தப் பயத்தில் அடுத்த எண் இன்னும் ஏறுகிறது.

முறை இதுதான். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி, புகை, உடற்பயிற்சி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பதிய, 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கால்மேல் கால் போட்டால் எண் ஏறும். பட்டை வெறும் தோலின்மேல், முழங்கை மடிப்புக்குச் சற்று மேலே. கை மேசையில், நெஞ்சின் உயரத்தில். கை தொங்கினாலும் எண் ஏறும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினாலும் ஏறும். பலர் கருவியின் விலையைப் பார்க்கிறார்கள், பட்டையின் அளவைப் பார்ப்பதில்லை. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து குறிக்க வேண்டும். இப்படிக் காலையும் மாலையும் ஒரு வாரம். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால், குறிப்புத்தாளோடு டாக்டரிடம் போக வேண்டும். 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கைகால் தளர்வு, பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் சராசரி எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சை.

"டாக்டர் அறையில் அளப்பது போதாதா?" என்றார் எதிரணி இளைஞர். போதாது தம்பி. அங்கே மட்டும் ஏறுகிற ஆட்களும் உண்டு, அங்கே மட்டும் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு வீட்டில் ஏறுகிற ஆட்களும் உண்டு. இருவரையும் பிரித்துக் காட்டுவது வீட்டில் எழுதிய தாள். டாக்டருக்கே அந்தத் தாள் தேவை.

இங்கே இன்னொரு பெருந்தவறு நடக்கிறது. "இப்போது நார்மலாக இருக்கிறது, மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்பார்கள். நார்மலாக இருந்ததே அந்த மாத்திரையால்தான்! வேறு சிலர் மூட்டுவலிக்குத் தாங்களே வாங்கிப் போடும் மாத்திரையை டாக்டரிடம் சொல்வதில்லை. இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. அதைச் சொல்லும் வாய் யாருடையது நடுவர் அவர்களே?

இனி முதல் அம்பு. "அப்பாவுக்குச் சர்க்கரை, எனக்கும் வரும், மரபு" என்றார்கள். அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. எல்லோரும் உடல் எடை கூடியவர்கள், ரத்தச் சர்க்கரை ஏற்கெனவே ஏறி நோயின் வாசலில் நின்றவர்கள். ஒரு குழுவுக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை, ஒரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. மூன்றாவது குழுவுக்கு இரண்டே இலக்கு: எடையில் 7 சதவீதம் குறைக்க வேண்டும், வாரம் 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். சராசரியாக 3 ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகத் தொடர்ந்து பார்த்தார்கள். வெற்று மாத்திரைக் குழுவோடு ஒப்பிட்டால், மெட்ஃபார்மின் குழுவில் புதிதாக நோய் வந்தவர்கள் 31 சதவீதம் குறைவு. நடந்தவர்கள் குழுவில் 58 சதவீதம் குறைவு. அவர்களுக்குப் பயிற்சியாளர் இருந்தாரே என்று எதிரணி குறுக்கிடும். இருந்தார், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்காக அவர் நடக்கவில்லை.

அந்த 7 சதவீதம் என்பது 80 கிலோ ஆளுக்கு 5.6 கிலோதான். 150 நிமிடம் என்பது நாளுக்கு 22 நிமிடத்துக்கும் கீழே. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற வேகம் வேண்டும். பாட்டும் வருகிறது என்றால் அது உலாத்தல்.

இரண்டாவது அம்பு, கம்பெனிகள். பாக்கெட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள் என்றார்கள். கொட்டுகிறார்கள்தான்! அதைத் தடுக்கச் சட்டம் வந்தால் முதல் கை தட்டுவது எங்கள் அணி. வரும் வரைக்கும்? பெரியவர்களுக்கு நாளுக்கு 5 கிராம் உப்புக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. பாக்கெட்டில் பெரும்பாலும் உப்பு என்று போடாமல் சோடியம் என்று போடுவார்கள். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. "ஒரு பரிமாறலுக்கு 400 மில்லிகிராம்" என்று சின்ன எழுத்தில் இருக்கும். பாக்கெட்டுக்குள் இரண்டரைப் பரிமாறல் இருக்கும். முழுதும் தின்றால் 1,000 மில்லிகிராம் சோடியம், அதாவது 2.5 கிராம் உப்பு. ஒரு நாள் அளவில் பாதி, ஒரு பாக்கெட்டில் முடிந்தது. மெதுவாகக் குறைத்தால் சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு நல்லதுதான், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகைப் பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் கேட்காமல் தொடக்கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

புகையிலையும் கம்பெனிச் சதி என்றார்கள். நிகோடின் பிடி பொல்லாததுதான். அதனால்தான் மன உறுதி மட்டும் போதாது, நிகோடின் சூயிங்கம் உதவும் என்கிறோம். அதையும் சாதாரண சூயிங்கம் போல மென்று தள்ளி, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்ததும் "இது வேலைக்காகாது" என்று துப்புகிறார்கள். மெதுவாகக் கடித்து, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி இரண்டு கடி. அரை மணி நேரம் இப்படி. மருந்து இறங்குவது வாயின் உள்தோல் வழியாக. காபியோ பழச்சாறோ குடித்த 15 நிமிடத்துக்குள் போட்டால் சரியாக இறங்காது. பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டு தொடர்ந்த ஆய்வு சொன்னது: தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டு முன்னதாகவே இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கும் அதில் 3 ஆண்டு திரும்பக் கிடைத்தது. 40-இல் விட்டவர்களுக்கு 9. புகைத்துச் செத்தவர்களும் டாக்டர்கள்தான் என்பதை எதிரணி கவனிக்கட்டும். அறிவும் மருத்துவமும் அவர்கள் கையிலேயே இருந்தன.

கடைசியாகப் பின்லாந்து. வடக்குக் கரேலியாவில் 1972-இல் தொடங்கிய திட்டம், இதய நோய்ச் சாவைப் பெருமளவு குறைத்தது. அரசு செய்தது என்றார் தலைவர். சரி. ஆனால் அரசை யார் எழுப்பினார்கள்? அந்த வட்டாரத்து மக்களின் பிரதிநிதிகள் 1971-இல் மனுவோடு போய், எங்கள் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டார்கள். பிறகு ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதைக் குறைத்தது அதிகாரியின் கை இல்லை. அந்தந்த வீட்டுக் கை. தலைவர் எங்களுக்குச் சாட்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், நன்றி.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். நடுவர் அவர்களே, ஒரு மணி நேரமாகக் கால்மேல் கால் போட்டு, கையில் காபியோடு எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். தீர்ப்பு சொல்லி முடித்ததும் அரை மணி நேரம் கழியட்டும். பிறகு 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு அளந்து பாருங்கள். இப்போது வேண்டாம். எதிரணி பேசிய பேச்சுக்கு எண் எப்படியும் ஏறித்தான் இருக்கும்.