சிறு துரும்பும் பல் குத்த உதவும்

அவைத் தலைவர் அவர்களே, வாழ்த்துரையிலேயே என் உரையில் பாதியைச் சொல்லிமுடித்துவிட்ட சிறப்பு விருந்தினர் அவர்களே, மூன்று முறை தொலைபேசியில் அழைத்து என்னை இங்கே வரவழைத்த செயலாளர் அவர்களே, கடைசி வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் செவிலியர் மாணவிகளே, வணக்கம்.

தாயின் உடலே பிள்ளையின் தட்டணுக்களை அழிக்கும் நோய், அதற்கான சிகிச்சை, அடுத்த கருவுக்கான பாதுகாப்பு என்று மூன்று செய்திகளை அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். ரத்தத்தில் அந்தத் துரும்பு தட்டணு. சிவப்பணுவைவிடச் சிறியது, ஆனால் கசிவை அடைப்பது அதுதான். மைக்ரோலிட்டருக்கு 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்க வேண்டும்.

ரத்த வங்கியில் நான் வேலை பார்த்த காலம். தலைப்பிரசவம், சுகப்பிரசவம். குழந்தையின் மார்பில் ஊசிமுனையால் குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள். “கொசுக்கடிதான்” என்றார் பாட்டி. செவிலியர் விரலால் அழுத்திப் பார்த்தார். கொசுக்கடி என்றால் அழுத்தும்போது வெளுக்கும், இது வெளுக்கவில்லை. வைட்டமின் கே ஊசி போட்ட இடத்தில் வைத்த பஞ்சும் ஈரமாகவே இருந்தது. தட்டணு 14,000! தாய்க்கோ 2,20,000.

அப்பா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தார்: “என்னிடம் எடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள்.” வேண்டாம் என்றேன். என்னை அடிக்காத குறைதான். அவருக்கு எப்படிப் புரியவைப்பது? அவரிடமிருந்து குழந்தைக்கு வந்த தட்டணு அடையாளம் தாயிடம் இல்லை. அதை அந்நியமாகக் கண்ட தாயின் உடல் அதைத் தாக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கி நஞ்சுக்கொடி வழியே அனுப்பிவிட்டது. அப்பாவின் தட்டணுவை ஏற்றினால் அதுவும் அழியும். தாய்க்கும் பிள்ளைக்கும் சிவப்பணு வகை பொருந்தாத ஆர்.எச். சிக்கல் பெரும்பாலும் முதல் குழந்தையை விட்டுவிடும்; இதுவோ முதல் குழந்தையையே தாக்கக்கூடும். மூளைக்குள் கசிந்துவிடுமோ என்பதுதான் எல்லோருக்கும் பயம்.

காத்திருக்க நேரமில்லை. இருப்பிலிருந்த தட்டணுப் பையை ஏற்றினார்கள்; 31,000. மறுநாள் மீண்டும் 17,000. பிறகு தாயிடமே தட்டணு எடுத்து, எதிர்ப்பொருள் போகக் கழுவி, கதிர்வீச்சு கொடுத்து ஏற்றினார்கள், 96,000. அப்பா அன்றைக்குத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தாய்க்கே தட்டணு குறைந்து, அவருடைய எதிர்ப்பொருள் பிள்ளையையும் தாக்கும் வகை ஒன்று உண்டு. அது வேறு கதை.

எல்லாத் தாயும் பிரசவித்த கையோடு தட்டணு கொடுக்கும் நிலையில் இருப்பாரா? ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு 2 பேரிடம் எச்.பி.ஏ.-1ஏ என்ற தட்டணு அடையாளம் இல்லை. ஆசியரிடம் அது இல்லாதவர் மிக அரிது. இங்கே வேறு அடையாளங்கள் வம்பு செய்கின்றன. பொருந்தும் கொடையாளர் யார் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா? தட்டணுவை 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே, பொதுவாக 5 நாள்தான் வைக்கலாம். சேர்த்துவைக்க முடியாத துரும்பு இது. துரும்பைத் தருகிற மனிதரைத்தான் சேர்த்துவைக்க முடியும். அதனால்தான் வகை பார்த்த கொடையாளர் பட்டியல் வேண்டும் என்று போகிற மேடையெல்லாம் கத்துகிறேன். இயந்திரம் தட்டணுவை மட்டும் எடுத்துக்கொண்டு சிவப்பணுவைத் திருப்பித் தந்துவிடும். ஒன்றரை மணி நேரம் போல ஆகும், இந்த வரவேற்புரையைவிடக் கொஞ்சம் அதிகம்.

தலைவர் இரண்டாம் முறை கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்த கருவுக்கு, தாயின் நரம்பு வழியே வாராவாரம் இம்யூனோகுளோபுலின், அதாவது கொடையாளர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள் கலவை, செலுத்துகிறார்கள். மற்றதை மருத்துவரிடம் கேளுங்கள். பதிவுப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. பேனா இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, இருபது கொண்டுவந்திருக்கிறேன்.