வாரண்டி இருந்தும் "வராது"ன்னு சொல்றாங்களா? முதல்ல ஜாப் ஷீட்டை எடுங்க

வணக்கம் மக்களே. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல, வாரண்டி இருக்கு, ஆனா கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணா "சார், இது கவர் ஆகாது"ன்னு சொல்லிட்டாங்க. அடுத்து என்ன பண்ணணும்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

போன்ல கத்திப் பிரயோஜனம் இல்ல. அந்தப் பக்கம் பேசுறவங்க உங்க பொருளைக் கண்ணால பார்த்ததே இல்ல. சர்வீஸ் சென்டர்ல எழுதினது அவங்க ஸ்கிரீன்ல தெரியும், அதை அப்படியே வாசிக்கிறாங்க. "பிசிக்கல் டேமேஜ்"னு அங்க இருந்தா, நீங்க எவ்வளவு நேரம் பேசினாலும் அதே பதில்தான். அதனால பொருளைக் கொடுக்கும்போது ஜாப் ஷீட்ல, அதாவது சர்வீஸ் சென்டர்ல பொருளை வாங்கிக்கிட்டு எழுதுற தாள்ல, என்ன ஏறுதுன்னு பாருங்க.

அதுல ரெண்டு இடம் முக்கியம். ஒண்ணு, பொருளோட நிலை. கவுன்டர்ல இருக்கறவங்க பழக்கத்துல "கீறல், அடிபட்டது"ன்னு பொதுவா எழுதிடுவாங்க. ஒரு மூலையில சின்னக் கீறல்தான்னா, "கீழ் இடது மூலையில சின்னக் கீறல், ஸ்கிரீன் நல்லா இருக்கு"ன்னு எழுதச் சொல்லுங்க. அவங்க எதிர்லயே ஆறு பக்கமும் போட்டோ எடுங்க, ஒண்ணுல சீரியல் நம்பர் தெரியணும். அப்புறம் கையெழுத்து.

ரெண்டாவது, புகார். அறிகுறியை மட்டும் சொல்லுங்க. "ஆன் ஆகல, சார்ஜ் போட்டா லைட்டும் எரியல", அவ்வளவுதான். "கரண்ட் போயிட்டு வந்துச்சு, அதுல போயிருக்கும்னு நினைக்கிறேன்"னு நீங்களே காரணம் கண்டுபிடிச்சுச் சொன்னா, அதை அப்படியே எழுதிப்பாங்க. மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால வர்ற பழுதை நிறைய வாரண்டி சேர்க்கறதில்ல. பொய் சொல்லச் சொல்லல. கேட்டா நடந்ததைச் சொல்லுங்க, தெரியாத காரணத்தை ஊகிக்காதீங்க.

விட்டு விட்டு வர்ற பழுதுதான் ரொம்பப் படுத்தும். "செக் பண்ணோம், நல்லாத்தான் ஓடுது"ன்னு திருப்பிக் கொடுத்துடுவாங்க. அவங்க அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பார்த்திருப்பாங்க. சாலிடர்ல, அதாவது பார்ட்டுகளை சர்க்யூட் போர்டோட இணைக்கிற ஈயப் பத்துல, நுணுக்கமான விரிசல் இருந்தா, போர்டு சூடாகி விரியும்போதுதான் தொடர்பு விடும். அதுக்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். அதனால ஒரே ஷாட்ல வீடியோ எடுங்க: முதல்ல சீரியல் நம்பர், அப்புறம் பழுது, பக்கத்துல ஒரு கடிகாரம். "30 நிமிஷம் ஓடின பிறகு வருது"ன்னு ஜாப் ஷீட்லயும் ஏத்துங்க. அப்போ அவ்வளவு நேரம் ஓட்டிப் பார்த்தீங்களான்னு கேட்க உங்ககிட்ட ஆதாரம் இருக்கும்.

அடுத்து தண்ணி. போன், லேப்டாப் உள்ள வெள்ளை ஸ்டிக்கர் ஒண்ணு இருக்கும், தண்ணி பட்டா சிவப்பாகிடும். நிறைய போன்ல சிம் ட்ரே ஓட்டையில டார்ச் அடிச்சாலே தெரியும். கொடுக்கறதுக்கு முன்னாடி அதையும் ஒரு போட்டோ எடுத்து வைங்க. சிவப்பா இருந்தாலும், அந்த இடத்துல ஈரம் பட்டுதுன்னு மட்டும்தான் அர்த்தம். பழுது அதனாலதான்னு அது சொல்லாது. போர்டுல துரு மாதிரி அரிப்பு எங்க இருக்குன்னு போட்டோ கேளுங்க. பச்சையா, வெள்ளையா படிஞ்சிருந்தா, உண்மையைச் சொல்றேன், விட்டுடுங்க. ஐபி 68னு (தூசி, தண்ணி தாங்கும்ங்கற தரக் குறியீடு) பெட்டியில போட்டிருந்தாலும் தண்ணி பழுதை வாரண்டியில சேர்க்காத கம்பெனிகள் உண்டு. எனக்கு இது அநியாயமாத்தான் படுது, ஆனா விதிமுறையில அப்படித்தான் எழுதியிருக்காங்க.

பில். கடையில கொடுக்கற வழவழப்பான பில் தெர்மல் பேப்பர். சூடு, வெயில் பட்டா எழுத்து மறைஞ்சுடும், சில பிளாஸ்டிக் கவருக்குள்ள வச்சாலும் மங்கும். வாங்கின அன்னைக்கே ஸ்கேன் பண்ணிடுங்க. பில் இல்லன்னா சில கம்பெனி சீரியல் நம்பரை வச்சு, தயாரிச்ச தேதியில இருந்தே வாரண்டி கணக்குப் போடுவாங்க, அதுல சில மாசம் போயிடும். தொலைஞ்சுட்டா கடையில டூப்ளிகேட் கேளுங்க, இல்லன்னா ஆர்டர் மெயிலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் எடுங்க.

இவ்வளவுக்கும் மேல மறுத்தா, மெயில் போடுங்க. சப்ஜெக்ட்ல கம்ப்ளைன்ட் நம்பர், சீரியல் நம்பர். உள்ள வாங்கின தேதி, பழுது வந்த தேதி, ஏற்கெனவே எத்தனை முறை ரிப்பேர் ஆச்சுன்னு சுருக்கமா. கோபமா நாலு பாரா எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க. ரிப்பேரா, மாத்திக் கொடுக்கறதா, பணமா, ஒண்ணை மட்டும் கேளுங்க. அதோட இந்தக் கேள்வி கட்டாயம் வேணும்: "வாரண்டி விதிமுறையில எந்தப் பிரிவுப்படி மறுக்கறீங்க? டெக்னீஷியன் ரிப்போர்ட்டோட எழுத்துல கொடுங்க." வாயால "வராது"ன்னு சொல்றது சுலபம். பிரிவைக் காட்டி எழுதணும்னா விஷயம் மேல உள்ளவங்ககிட்ட போக வாய்ப்பு அதிகம். 10 வேலை நாள்னு கெடு வைங்க, கடைக்காரருக்கும் காப்பி போடுங்க. பல நாடுகள்ல வித்தவருக்கும் சட்டப்படி பொறுப்பு உண்டு. அப்பவும் நடக்கலன்னா நுகர்வோர் புகாருக்கு இதே மெயில்தான் ஆதாரம்.

வாரண்டி முடிய ரெண்டு நாள்தான் இருக்குன்னா, ஆள் எப்போ வருவாங்கன்னு பார்க்காம முதல்ல புகாரைப் பதிஞ்சு நம்பர் வாங்கிடுங்க. பொதுவா புகார் பதிஞ்ச தேதிதான் கணக்கு.

பொருள் திரும்பி வந்ததும் அங்கேயே ஓட்டிப் பாருங்க, அப்புறம் டெலிவரி கையெழுத்து. எந்தப் பார்ட் மாத்தினாங்க, அதுக்குத் தனி வாரண்டி உண்டா, எத்தனை நாள்னு அந்தத் தாள்லயே எழுதி வாங்கிக்கங்க.